டேவிட் லீன் படங்களை எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கணும், எப்படி பாக்கணும்

முதல்லயே சொல்லிடுறேன், இங்கிலாந்து இயக்குநர் டேவிட் லீனை லாரன்ஸ் ஆஃப் அரேபியாவுல ஆரம்பிக்காதீங்க. உலகத்துல இருக்கிற எல்லா லிஸ்ட்லயும் அதான் மேல நிக்கும், அதைப் பாத்துட்டுதான் எல்லாரும் அதுல போய் விழுறாங்க, நானும் விழுந்தேன். செங்கோட்டையிலருந்து புனலூர் போற பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்காந்து செல்போன்ல போட்டேன். பாலைவனத்துல தூரத்துல ஒரு புள்ளி வருது, அது ஸ்கிரீன்ல ஒட்டியிருந்த தூசியா ஒட்டகமான்னு எனக்குத் தெரியல, விரலை வச்சு துடைச்சுப் பாத்தேன். ஆரியங்காவு தாண்டினதும் தூங்கிட்டேன். அப்புறம் ரெண்டு வருஷம் லீன்னா போரடிக்கிற ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், தப்பு பூரா என்னோடது.

அந்த மனுஷன் யாருன்னு தெரிஞ்சுட்டு போனா பாக்குறது சுலபம். 1908ல லண்டன் பக்கத்துல க்ராய்டன்ல பொறந்தவரு. வீட்டுல குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு, ரொம்ப கண்டிப்பு, சினிமாவே பாக்கக்கூடாது. படிப்பும் ஓடல. மாமா ஒருத்தர் கொடுத்த பிரவுனி கேமராவை வச்சு போட்டோ எடுத்துட்டுத் திரிஞ்ச பையன், அப்பாவோட அக்கவுன்டன்ட் ஆபீஸ்ல கொஞ்ச நாள் குப்பை கொட்டிட்டு, 1927ல காமான்ட் ஸ்டுடியோவுல டீ வாங்கிக் கொடுக்கிற வேலைக்குப் போறாரு. கிளாப் அடிச்சாரு, அது இதுன்னு எல்லாம் பண்ணாரு, கடைசியா எடிட்டிங் ரூமுக்குள்ள போய் உக்காந்தவரு பத்து வருஷத்துக்கு மேல வெளிய வரவேயில்ல. நியூஸ் ரீல் வெட்டினாரு, பெரிய பெரிய படங்களை வெட்டினாரு. 1942ல நோயல் கவர்ட்னு பெரிய நாடகக்காரரு ஒரு கப்பல் படை படம் எடுக்கப் போறாரு, அவருக்கு டெக்னிக் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வேணும், லீனைக் கூப்பிடுறாரு. வர்றேன், ஆனா இயக்கம்னு எம்பேரும் சேத்துப் போடணும்னு லீன் கேட்டு வாங்கிக்கிட்டாரு. டீ வாங்கிக் கொடுத்து பதினஞ்சு வருஷத்துல இது.

அதனால இந்தாளு படத்தைப் பாக்குறப்ப ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. இவரு இயக்குநர் ஆன எடிட்டர். எல்லாரும் மணல், பனி, மலைன்னு காட்சியைப் பாத்து வாயைப் பொளப்பாங்க, நீங்க ஒரு ஷாட்டு முடிஞ்சு அடுத்த ஷாட்டு தொடங்குற இடத்தைப் பாருங்க. வித்தை அங்கதான் இருக்கு.

சரி, வரிசைக்கு வர்றேன். முதல் படம் பிரீஃப் என்கவுன்டர், 1945. கருப்பு வெள்ளை, 86 நிமிஷம்தான், நம்ம ஆளுங்க படத்துல பாதி. கல்யாணமான ஒரு பொம்பளை, கல்யாணமான ஒரு டாக்டர், வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு ரயில்வே ஸ்டேஷன் டீக்கடையில சந்திக்கிறாங்க. அவ்வளவுதான் கதை, கொலை இல்ல, சண்டை இல்ல. வெளிய பிளாட்பாரம் எல்லாம் லங்காஷயர்ல கார்ன்ஃபோர்த்ங்கிற நிஜ ஸ்டேஷன்ல எடுத்தாங்க, போர் முடியாத சமயம், லண்டன் பக்கம் ராத்திரி விளக்கு போட முடியாது, அதனால அவ்வளவு வடக்க போயி எடுத்தாங்க. டீக்கடை மட்டும் ஸ்டுடியோ செட்டு.

இதை நான் எங்க ஆச்சியோட உக்காந்து பாத்தேன், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. படத்துல எக்ஸ்பிரஸ் ஒண்ணு கடந்து போறப்ப அந்தம்மா கண்ணுல கரித்தூசி விழுந்துரும், டாக்டர் கைக்குட்டை நுனியால எடுத்து விடுவாரு, அதான் அவங்க அறிமுகமே. ஆச்சி டக்குனு நிமிந்து உக்காந்துட்டாங்க. இவங்க சின்னப் புள்ளையில செங்கோட்டை திருவிதாங்கூரோட இருந்த காலம் (1956 நவம்பர்லதான நம்ம பக்கம் வந்துச்சு), புனலூர் போற மீட்டர்கேஜ் ரயில் கரி வண்டி, மலைக்குகைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஜன்னலை இழுத்து மூடலைன்னா கண்ணு பூரா கரிதானாம். "நாங்களும் முந்தானை நுனிய முறுக்கித்தாம்ல எடுப்போம், எங்களுக்கு எந்த டாக்டரும் வரல"ன்னு சொல்லிட்டு அப்புறம் கடைசி வரைக்கும் அசையாம பாத்தாங்க. சப்டைட்டில் இல்லாமலே எண்பது வயசு மனுஷிக்குப் புரியுதுன்னா எடுத்தவனுக்கு வேலை தெரியும்.

இப்ப பாக்குற முறை. ஒரு தடவை சும்மா முழுசா பாத்துருங்க, நோட்ஸ் எடுக்காதீங்க. மறுநாள் முதல் ஏழெட்டு நிமிஷத்தையும் கடைசி பத்து நிமிஷத்தையும் மட்டும் அடுத்தடுத்து போடுங்க. ரெண்டுலயும் ஒரே சம்பவம்தான் நடக்குது. முதல்ல பாக்குறப்ப டீக்கடை மூலையில யாரோ ரெண்டு பேரு உக்காந்திருப்பாங்க, தொணதொணன்னு பேசுற தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி வந்து நடுவுல உக்காருவா, அவரு எந்திரிச்சு அந்தம்மா தோள்ல லேசா கைய வச்சுட்டுப் போயிருவாரு. நமக்கு ஒண்ணும் தோணாது. படம் முடியறப்ப அதே டீக்கடை, அதே தொணதொணப்பு, ஆனா இப்ப நமக்கு அது கடைசி சந்திப்புன்னு தெரியும், அந்தக் கை தோள்ல படுறப்ப நம்ம நெஞ்சு அடைக்குது. இன்னொண்ணும் கவனிங்க, முதல் தடவை கேமரா அந்தத் தொணதொணப்புக்காரி கூட கவுன்டர் பக்கம் போயிரும், திரும்பிப் பாத்தா அந்தம்மாவைக் காணோம், கொஞ்ச நேரத்துல வெளிறிப் போய் உள்ள வருவாங்க. வெளிய என்ன நடந்துச்சுன்னு கடைசியிலதான் காட்டுவாரு, அப்ப ஃப்ரேமே ஒரு பக்கமா சாயும், ரயில் பெட்டி வெளிச்சம் முகத்துல பளிச் பளிச்னு அடிக்கும். எதை எப்ப மறைக்கணும், யாரு பக்கம் நிக்கணும், இதுதான் எடிட்டர் மூளை.

ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும்னு இருக்கிறவங்க இதையே ஒரு பயிற்சியா செஞ்சு பாக்கலாம். பிரானூர் பார்டர்ல எந்த பரோட்டாக் கடையா இருந்தாலும் சரி, ரெண்டு ஃப்ரெண்ட்ஸை உக்கார வச்சு ஒருத்தன் கிளம்பிப் போற மாதிரி ரெண்டு தடவை எடுங்க, ஒரு தடவை பக்கத்து டேபிள்காரன் கண்ணு வழியா, ஒரு தடவை உக்காந்திருக்கிறவன் கண்ணு வழியா. வசனம் ஒரு எழுத்து மாறக்கூடாது. எடிட் பண்ண செல்போன்ல கைன்மாஸ்டர் ஆப் போதும். நான் எடுத்தது கேவலமா வந்துச்சு, கொத்து பரோட்டா போடுற சத்தத்துல எவன் பேசுனதும் கேக்கல, ஆனா அந்த ஒரு சாயங்காலத்துல கத்துக்கிட்டது வேற எங்கயும் கிடைக்கல. ஸ்டேஷன் பிளாட்பாரத்துல எடுக்கணும்னு ஆசைப்பட்டா முன்கூட்டி அனுமதி வாங்கிட்டுப் போங்க, தண்டவாளத்துல இறங்காதீங்க.

ரெண்டாவது கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ், 1946, டிக்கன்ஸ் கதை. நேரம் இல்லைன்னா முதல் அஞ்சு நிமிஷம் மட்டுமாவது பாருங்க, இடுகாட்டுல ஒரு சின்னப் பையன் கல்லறை முன்னாடி நிக்கிறான், காத்து, மரம் கிரீச்சுங்குது, பயந்து ஓடுறான், அடுத்து என்ன ஆகும்னு இங்க சொல்லமாட்டேன், ஹெட்போன் போட்டுட்டு விளக்கணைச்சுப் பாருங்க. அப்புறம் அதே சீனை சத்தத்தை முழுசா குறைச்சுட்டு, ஒவ்வொரு ஷாட்டு மாறுறப்பவும் மேசையில விரலால ஒரு தட்டு தட்டுங்க. எங்க தட்டு வேகமாகுது, எங்க நிக்குதுன்னு கை சொல்லும். ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கார் வாங்குன படம் இது. இதுக்கு அப்புறம் 1948ல ஆலிவர் ட்விஸ்ட், அதுவும் நல்லாருக்கும், ஆனா திருட்டுப் பசங்க கூட்டத்துத் தலைவன் ஃபேகினைக் காட்டுன விதம் யூதர்களைக் கேலி பண்ற மாதிரி இருக்குன்னு அப்பவே பெரிய தகராறு, அமெரிக்காவுல வெட்டிட்டுதான் 1951ல வெளிவிட்டாங்க. நடுவுல இருக்கிற நாலஞ்சு படத்தை இப்போதைக்கு விட்டுருங்க. ஹாப்சன்ஸ் சாய்ஸ் மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு பாக்க ஜாலியா இருக்கும்.

மூணாவது, தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய், 1957. இங்கேருந்துதான் சின்னப் படம் எடுத்த லீன் பெரிய லீனா மாறுறாரு, ஏழு ஆஸ்கார், இயக்குநருக்கும் சேத்து. கதை தாய்லாந்துல, ஆனா படம் எடுத்தது சிலோன்ல கித்துல்கல ஊருல களனி ஆத்துல. பாலம் நிஜ மரம், ரயிலும் நிஜ ரயில். எங்க தெருவுல மர மில்லுல வேலை பாத்த அண்ணாச்சி ஒருத்தர், கோட்டயம் பக்கத்துலருந்து வர்ற லோடை வாசலிலேயே பாத்து எத்தனை கன அடின்னு சொல்லிருவாரு, அவரு இதைப் பாத்துட்டு கதையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "ஏலே இம்புட்டு தடியையும் ஒரு சீனுக்கா வெடி வச்சான்?" அதுதான் அவரு கேட்ட கேள்வி. அதுலயும் முதல் நாள் ஒரு கேமராக்காரர்கிட்டயிருந்து தான் பத்திரமா ஒதுங்கிட்டேன்னு சிக்னல் வரலை, அதனால வெடியை அழுத்தல, ஆளில்லாத ரயில் பாலத்தைத் தாண்டிப் போயி அந்தப் பக்கம் இடிச்சு நின்னுச்சு. அதைத் தூக்கி நிறுத்திக் கொண்டாந்துதான் அடுத்து வெடிச்சாங்க. அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னப்ப, மறுபடி ஏத்தி இறக்குன கூலியை யாரு கொடுத்தான்னாரு.

ஆனா இந்தப் படத்தைப் பாக்குறப்ப நம்ம தமிழ் ஆளுங்க ஒரு விஷயத்தை சேத்துப் பாக்கணும், நான் இதை வலியுறுத்துவேன். படத்துல வர்ற பாலம் 1942, 43ல ஜப்பான்காரன் போட்ட பர்மா சயாம் ரயில் பாதைக்குத்தான், அது 415 கிலோமீட்டர். படத்துல பூரா வெள்ளைக்காரக் கைதிங்கதான் கஷ்டப்படுறாங்க, நிஜத்துலயும் பன்னெண்டாயிரம் கைதிகளுக்கும் மேல செத்தாங்க, அது உண்மைதான். ஆனா அதே பாதையில மலாயா ரப்பர் தோட்டத்துலருந்து ஏமாத்தியும் இழுத்துட்டும் போன தமிழ் ஆளுங்க, பர்மாக்காரங்க, மலாய்க்காரங்க, ஜாவாக்காரங்கன்னு ஆசியத் தொழிலாளிங்க செத்தது அதைவிடப் பல மடங்கு. சயாம் மரண ரயில்னு மலேசியாவுல இன்னைக்கும் சொல்லுவாங்க. படத்துல அவங்க முகம் ஒண்ணு தேடிப் பாருங்க, கிடைக்காது. படம் அருமை, அதுல சந்தேகமே இல்ல, ஒரு கர்னல் தன் எதிரிக்காக நல்ல பாலம் கட்டிக் கொடுத்து அதுல பெருமைப்படுறான்ங்கிற அந்தக் கிறுக்கு ஐடியாவை அலெக் கின்னஸ் நடிச்சிருக்கிறது வேற லெவல், ஆனா யாரை விட்டுட்டு எடுத்தாங்கங்கிறதும் எடிட்டிங் மாதிரிதான், வெட்டிப் போட்டது எதுன்னு பாக்கணும். வெட்டினதுன்னதும் ஞாபகம் வருது, திரைக்கதை எழுதுன கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் ரெண்டு பேரும் கம்யூனிஸ்ட்னு ஹாலிவுட் தடை லிஸ்ட்ல இருந்ததால பேரே போடல, நாவல் எழுதுன பிரெஞ்சுக்காரர் பேருக்கு ஆஸ்கார் போச்சு. இவங்களுக்கு செத்தப்புறம்தான் கொடுத்தாங்க.

இப்ப லாரன்ஸ். முதல் உலகப் போர்ல அரபுக்காரங்களோட சேந்து துருக்கியை எதிர்த்த ஒரு இங்கிலீஷ் ராணுவ அதிகாரி கதை. 1962, இதுக்கும் ஏழு ஆஸ்கார். செல்போன் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம், வீட்டுல இருக்கிறதுலயே பெரிய டிவி, இல்லைன்னா ஒரு ப்ரொஜெக்டர் ஒருநாள் வாடகைக்கு எடுத்து வெள்ளைச் சுவத்துல அடிங்க. 1989ல சரி பண்ணி வெளியிட்ட பிரதி, 227 நிமிஷம், அதைத்தான் பாக்கணும், நடுவுல பல வருஷம் வெட்டிக் குறைச்ச பிரதிதான் சுத்திட்டு இருந்துச்சு. சரி பண்றப்ப சில இடத்துல குரல் பதிவே காணாம போச்சு, லாரன்ஸா நடிச்ச பீட்டர் ஓ டூல் இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வந்து தன் இளவயசு முகத்துக்குத் தானே டப்பிங் பேசினாரு. எந்த இடம்னு நான் பல தடவை தேடியும் கண்டுபிடிக்க முடியல.

நான் எங்க வீட்டு மச்சுல சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு ஒரு பதினஞ்சு பேரை வச்சு இதைப் போட்டேன், அதுல பண்ண தப்பை எல்லாம் வரிசையா சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. ஒண்ணு, ஜூலை மாசம் வச்சேன். குத்தால சீசன், சாரல், மேல தகரக் கூரை, ஓமர் ஷெரீஃப் பேசுறது ஒண்ணும் விழல. இங்கெல்லாம் ஜனவரி பிப்ரவரிதான் சரி. ரெண்டாவது, படம் தொடங்கினதும் நாலு நிமிஷத்துக்கு வெறும் கருப்புத் திரை, இசை மட்டும் ஓடும், அந்தக் காலத்துல தியேட்டர்ல ஜனங்க வந்து உக்காருறதுக்காகப் போட்டது. எனக்கு அது தெரியும், கூட்டத்துக்குச் சொல்லல. ஒரு நிமிஷத்துல சித்தப்பா எந்திரிச்சு ப்ரொஜெக்டர் வயரைப் புடுங்கி மறுபடி சொருகினாரு, அது ஹேங் ஆகி மறுபடி முதல்லருந்து அதே கருப்புத் திரை. இதே கதை இன்டர்வெல் முடிஞ்சும் இருக்கு. முன்னாடியே சொல்லிருங்க. மூணாவது, ஆறு மணிக்குத் தொடங்கினேன், முடிய பதினொண்ணு ஆயிடுச்சு, புளியரையிலருந்து வந்த ரெண்டு பேருக்கு பஸ் இல்ல, பைக்ல கொண்டு விட்டேன். மூணரைக்கு ஆரம்பிச்சுருங்க. படத்துலயே இன்டர்வெல் இருக்கு, பரோட்டாவை அதுக்கு வர்ற மாதிரி சொல்லி வைங்க. (வீட்டுக்குள்ள பாக்குறது வேற, ஊரைக் கூட்டி நோட்டீஸ் ஒட்டி போடுறதுன்னா திரையிடுற உரிமை வாங்கணும், மறந்துடாதீங்க.)

இந்தப் படத்துல ரெண்டு இடம் திரும்பத் திரும்ப பாக்கணும். முதலாவது தீக்குச்சி. லாரன்ஸ் எரியுற தீக்குச்சியை முகத்துக்கு நேரா பிடிச்சு ஊதுறான், ஊதின நொடியில பாலைவனம், செக்கச்செவேல்னு அடிவானம், கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்காது, அப்புறம் மெதுவா சூரியன் எட்டிப் பாக்குது. ஸ்கிரிப்ட்ல ஒண்ணு மறைஞ்சு இன்னொண்ணு தெரியுற டிசால்வாதான் இருந்துச்சு, ஒட்டிப் பாக்குறப்ப ரெண்டு துண்டும் நேரா முட்டிக்கிட்டு நின்னது எடிட்டர் ஆன் கோட்ஸுக்கும் லீனுக்கும் பிடிச்சுப் போச்சு, ரெண்டொரு ஃப்ரேமை மட்டும் செதுக்கிட்டு அப்படியே வச்சுட்டாங்க. இதை ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தி நிறுத்திப் பாருங்க, பிளேயர்ல அந்த வசதி இருக்கும். ஊதுற சத்தம் எங்க முடியுது, படம் எங்க மாறுதுன்னு பாருங்க. பாத்துட்டு உங்க செல்போன்ல எடுத்த எதையாவது, குக்கர் விசில், மழை, என்னவா இருந்தாலும் சரி, ஒரு வெட்டுக்கு ரெண்டு ஃப்ரேம் கூட்டியும் குறைச்சும் வச்சுப் பாருங்க. சினிமாவுல ரெண்டு ஃப்ரேம்ங்கிறது ஒரு செகண்டுல பன்னெண்டுல ஒரு பங்கு, ஆனா கண்ணு கண்டுபிடிச்சுரும்.

இன்னொண்ணு கிணத்தடி. நான் பஸ்ல துடைச்சேனே, அந்தப் புள்ளி. ஜோர்டான்ல ஜஃப்ர்ங்கிற இடத்துல காஞ்ச ஏரித் தரையில எடுத்தது, ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் 482 மில்லிமீட்டர்னு ஒரு நீட்டு லென்ஸை பனாவிஷன்ங்கிற கேமரா கம்பெனிகிட்ட வாங்கிட்டு வந்தாரு, அதுலதான் கானல் அப்படி தளும்புது. இசை கிடையாது. பெரிய திரையில பாத்தப்ப என்ன ஆச்சுன்னா, அதுவரைக்கும் செல்லை நோண்டிட்டு இருந்த பயலுவ எல்லாம் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் தலையைத் தூக்கி கண்ணைச் சுருக்கிப் பாக்க ஆரம்பிச்சாங்க, எவனோ வாரான்டான்னு ஒரு குரல், அப்புறம் சத்தமே இல்ல. லாரன்ஸும் வழிகாட்டியும் எப்படிப் பாக்குறாங்களோ அதே மாதிரி பதினஞ்சு பேரும் பாத்தாங்க. ஆச்சிக்கு மட்டும் இந்தப் படம் பிடிக்கல, நாலு மணி நேரப் படத்துல ஒரு பொம்பளைகூட வாயத் திறக்கலைன்னாங்க. நிஜம்தான், பெண் பாத்திரம் எதுக்கும் வசனமே கிடையாது.

டாக்டர் ஷிவாகோ, 1965, விருப்பம் இருந்தா பாருங்க. ரஷ்யக் கதை, பெரும்பாலும் ஸ்பெயின்ல எடுத்தது, அந்தப் பனி வீட்டுல பளபளக்கிறது பனியில்ல, மெழுகு. பாட்டு நல்லாருக்கும், எனக்கு நீளம். ரயன்ஸ் டாட்டர், 1970, இதுக்கு நியூயார்க்ல ஒரு ஹோட்டல்ல விமர்சகர்கள் கூடி அவரை நேர்லயே கிழிச்சு விட்டாங்க, மனுஷன் நொந்துட்டாரு, அடுத்த படம் வர 14 வருஷம் ஆச்சு. படம் அவ்வளவு மோசமில்ல, அந்தப் புயல் சீனை மட்டும் பாருங்க.

கடைசியா எ பாசேஜ் டு இந்தியா, 1984. இது நமக்குப் பக்கத்துல எடுத்தது. கதையில வர்ற மராபார் குகைக்கு பெங்களூர் பக்கம் சாவனதுர்கா பாறை, மலை ரயிலுக்கு நம்ம நீலகிரி ரயில். எழுபத்தஞ்சு வயசுக்கு மேல எடிட்டிங்கையும் அவரே பண்ணாரு, டைட்டில்ல பேரு அப்படியே வரும், தொடங்குன இடத்துக்கே வந்துட்டாரு. ஆனா கோட்போலேங்கிற பிராமணருக்கு அலெக் கின்னஸுக்கு சாயம் பூசி வச்சிருக்காரு பாருங்க, அது அன்னைக்கே அபத்தம், இன்னைக்கு பாத்தா கூச்சமா இருக்கு. விக்டர் பானர்ஜியும் பெக்கி ஆஷ்கிராஃப்டும்தான் படத்தைத் தாங்குறாங்க, அந்தம்மாவுக்கு ஆஸ்காரும் கிடைச்சுது. இதுக்கப்புறம் இன்னொரு படத்துக்கு எல்லாம் தயார் பண்ணிட்டு இருந்தப்பவே 1991 ஏப்ரல்ல இறந்துட்டாரு.

இதைப் பாத்துட்டு மேட்டுப்பாளையத்துலருந்து ஊட்டி ரயில்ல ஒரு தடவை போயிட்டு வாங்க, டிக்கெட்டை முன்கூட்டியே ரிசர்வ் பண்ணிருங்க, போய் நின்னா கிடைக்கிறது கஷ்டம். பாலம் வர்றப்ப செல்போனை எடுத்து வளைவுல இன்ஜின் தெரியுறவரைக்கும் பொறுத்திருந்து எடுங்க. படத்துல விக்டர் பானர்ஜி நடிச்ச அஸீஸ் பாலத்து மேல ஓடுற ரயிலுக்கு வெளிய தொங்கிட்டு வருவாரு, எங்க சித்தப்பா பையன் அந்த சீனைப் பாத்ததுலருந்து கதவுகிட்டயே நிக்கிறான், அவனை மாதிரி ஆளு கூட வந்தா ஜன்னல் சீட்டுல உக்கார வச்சுருங்க.